ரேடியேட்டரில் ஒட்டாத கடிதம்

12.1.2023 – விசிறி மோட்டார் – ரூ. 2,350
9.3.2023 – ரேடியேட்டர் சுத்தம் – ரூ. 1,800
22.4.2023 – தெர்மோஸ்டாட் – ரூ. 950
17.6.2023 – வாட்டர் பம்ப் – ரூ. 3,400
5.8.2023 – ஹெட் கேஸ்கட் – ரூ. 11,600

இத்தனைக்குப் பிறகும் என் பழைய கார் கொதித்தது. 26.8.2023 சனிக்கிழமை, இரணியலில் நேசம்மாளின் ஒர்க் ஷாப்புக்கு ஓட்டிப்போனேன். போகக் கூச்சமாகத்தான் இருந்தது. எங்கள் மிஷன் பள்ளியின் மூன்று வேன்களைப் பராமரிக்கும் வேலைக்கு அவர் மூன்று முறை விண்ணப்பித்திருந்தார். "பெண் மெக்கானிக்கை நியமித்த முன்னுதாரணம் இல்லை" என்று மூன்று முறையும் மறுத்து எழுதியது பள்ளிக் குழுச் செயலாளரான நான்தான்.

நேசம்மாளுக்கு வயது நாற்பத்திரண்டு. பத்தொன்பது வயதில், தக்கலையில் லாரி ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்த அண்ணனுக்குச் சோறு கொண்டுபோனவர், அன்று ஆள் குறைவாக இருந்ததால் ஒரு டயரைக் கழற்றிக்கொடுத்தார். மறுநாளும் போனார். அண்ணன் பிறகு சவூதி போய்விட்டார். தங்கை ஸ்பானரை விடவில்லை.

"வாங்க சாரே. நாலாவது லெட்டரக் கையில கொண்டு வந்திருக்கியளா?" என்று சிரித்தார்.

"இல்ல, கார் கொண்டு வந்திருக்கேன். இதச் சரியாக்கினா உங்க விண்ணப்பத்த மறுபடியும் குழுவில வைப்பேன்."

"அப்ப வண்டிக்கு இல்ல, எனக்காக்கும் பரீட்ச! செரி, எங்க வச்சு சூடாவுது?"

காரின் செலவையும் கோளாறையும் எழுதிவைக்கும் குறிப்பேட்டைத் திறந்தேன். பதினான்கு முறை கொதித்திருந்தது. பதின்மூன்று முறை நாகர்கோவில் நெரிசலில். அஞ்சுகிராமம் சாலையில் வேகமாகப் போனால் வெப்பம் காட்டும் முள் தானே இறங்கியது.

"ஓடும்போ காத்து தானா வருது, செரியாவுது. நிக்கும்போ விசிறிதான் காத்து தரணும், தரல்ல," என்றார். வேறு எதையும் கழற்றவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, விசிறி சுற்றத் தொடங்கியதும் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். என் மூன்றாவது மறுப்புக் கடிதம்.

"இதுக்கு இப்பதான் ஒரு வேல கெடச்சிருக்கு சாரே."

தாளை ரேடியேட்டரின் முன்னால் பிடித்தார். விசிறி காற்றை உள்ளே இழுத்தால் தாள் அதில் ஒட்டிக்கொள்ள வேண்டும். கடிதம் எதிரே நின்ற என் நெஞ்சில் வந்து அடித்தது.

"விசிறி தலைகீழாச் சுத்துது! எஞ்சின் சூட்டையே திருப்பி ரேடியேட்டர்ல ஊதுது. மோட்டார் மாத்தினப்ப வயர மாத்திக் கொடுத்திருக்காங்க. யாரு மாட்டினது?"

ஜனவரிப் பக்கத்தைப் புரட்டினேன். "சிவப்பு வயர் இடது" என்று என் கையெழுத்தில் இருந்தது. பழைய மோட்டாரைக் கழற்றும்போது காருக்கு எதிரே நின்று எழுதினேன். புதியதை மாட்டும்போது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து பார்த்து இடது எதுவோ அதைச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் தயங்கியிருக்கிறார். "குறிப்பில் இருக்கிறது" என்று நான் அதட்டியிருக்கிறேன்.

"நான்தான்," என்றேன்.

நேசம்மாள் டயர் மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு வயர்களையும் இடம் மாற்ற நான்கு நிமிடம் ஆனது. அதே கடிதத்தை மறுபடி பிடித்தார். சப்பென்று ஒட்டிக்கொண்டது. அன்று மாலையே வடசேரிச் சந்தை நெரிசலில் அரைமணி நேரம் வேண்டுமென்றே நின்றேன். முள் பாதியைத் தாண்டவில்லை.

வீட்டில் மனைவி லீலாபாய் கேட்டாள்: "ஊர்ல உள்ள மெக்கானிக்கையெல்லாம் குத்தம் சொன்னியளே, இத எந்த நோட்டில எழுதப்போறிய?"

பள்ளிக் குழுவின் கூட்டக் குறிப்பேட்டிலேயே எழுதினேன்: "செயலாளரின் குறிப்பில் இருந்த பிழையை விண்ணப்பதாரர் கண்டுபிடித்தார்." கூட்டத்தில் வாசித்தபோது தலைவர் முதற்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். முன்னுதாரணம் பற்றி யாரும் கேட்கவில்லை.

நான்காவது கடிதம், நியமனக் கடிதம், பதிவுத் தபாலில் போனது. நேசம்மாள் கையெழுத்திட்டு வாங்கிய நாள்: 9.10.2023, திங்கட்கிழமை.