தாத்தா சொன்ன சாட்சி

தாத்தா இறந்த செய்தி கணக்குப் பாடத்தின் நடுவில் வந்தது. பையையும் எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போ என்று ஆசிரியர் சொன்னதுமே புரிந்துவிட்டது. கார் புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்வரை எனக்கு அழுகை வரவில்லை. அவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை இனிக் கேட்கவே முடியாது என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நினைவு ஆராதனையில் குடும்பத்தின் சார்பில் நான் வாசிக்க வேண்டும். அப்பா பார்த்துச் சரி சொன்ன தாள் மேசைமேல் இருக்கிறது. இது வேறு தாள். எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். அப்பா எழுந்தால் இதைத் தலையணை உறைக்குள் தள்ளிவிடுவேன்.

சபையாரே, உங்களுக்கு அவர் மூப்பர் ஐயா. காரைக் கிளப்பும் முன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து ஜெபிப்பார். ஒருநாள் என் பள்ளி வாசலில் அந்த ஜெபம் நீண்டுவிட்டது. மயங்கிவிட்டார் என்று நினைத்துக் காவலாளி அண்ணன் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்.

“அங்கிள், ஓகேயா? அம்புலன்ஸ் கூப்பிடவா?”

“ஆண்டவர்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன் தம்பி. நீ தட்டுனதுல லைன் கட்டாயிருச்சு.”

பின்னால் ஏழெட்டுக் கார்கள் ஹாரன் அடித்தன. நான் இருக்கையில் குனிந்து ஒளிந்துகொண்டேன்.

அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்தில் அவரோடு ரப்பர் மரம் சீவிய இந்து நண்பர் ஒருவரின் மனைவி இறந்தபோது, தாத்தா காலையிலேயே அந்த வீட்டுக்குக் கிளம்பினார். எங்கள் சபைக்காரர் ஒருவர் வழியில் நிறுத்திக் கேட்டார்: “மூப்பரே, அங்க போயி கை நனைக்கலாமா?”

“அவனும் நானும் முப்பது வருஷம் பால் வாளி தூக்கியிருக்கோம். அங்க பானை கழுவ ஆளு இல்ல. நீங்க வரீங்களா, இல்ல சும்மாதான் கேக்குறீங்களா?”

கேட்டவர் வரவில்லை. நான் போனேன். தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்திருந்தார். அவர் தேய்த்துக் கொடுத்த பானைகளை நான் அலசினேன்.

அந்தத் தாத்தாவிடம்தான் என் அக்காவைப் பற்றிச் சொன்னேன்.

அக்கா, உம்பாயில் மீன் கடை வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இந்து அண்ணனை விரும்பினாள். இருவரும் பதிவுத் திருமணத்துக்கு மனு கொடுக்கப்போவதாக என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அப்பாவை நினைத்த பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. தாத்தா அதைக் கவனித்துவிட்டார்.

“சொல்லு பாப்பா. உனக்கும் எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான்.”

சொன்னேன். அப்பாவிடம் அவர் பக்குவமாகப் பேசுவார் என்று நம்பினேன்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. ஆளாளுக்கு ஜெபக் குறிப்பு சொன்னார்கள்: ஒருவருக்கு முட்டிவலி, ஒருவர் மகனுக்கு வேலை. கடைசியில் தாத்தா முழங்காலிட்டார். “கர்த்தாவே, இந்த வீட்டின் மூத்த பெண்பிள்ளை, உம்மை அறியாத வீட்டுக்குப் போக மறைவிலே ஆயத்தம் பண்ணுகிறாள். வாசலிலேயே அவளைத் தடுத்து நிறுத்தும்” என்று எல்லோருக்கும் கேட்க ஜெபித்தார். ஜெபம் முடியும் முன்பே அப்பா கண்ணைத் திறந்துவிட்டார். அக்கா என் பக்கத்தில்தான் இருந்தாள்.

“யாருப்பா சொன்னது?” என்று அப்பா கேட்டார்.

தாத்தா என்னைப் பார்க்கவில்லை. “மேலேருந்து தெரிவிச்சாரு” என்றார்.

“ஐயாவுக்கு ஆண்டவர் காட்டிட்டாரு லா!” என்று ஓர் ஆன்ட்டி அழுதார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று சில நாள் நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதையே ஆலயத்தில் சாட்சியாகச் சொன்னார். விடியற்காலை ஜெபத்தில் ஒரு சத்தம் கேட்டதாம். நீங்கள் அனைவரும் கைதட்டினீர்கள். அவர் தலையைத் தாழ்த்தி அதை ஏற்றுக்கொண்டார். ஏன் தாத்தா என்று கேட்க ஒவ்வொரு நாளும் அவர் அறை வாசல்வரை போனேன். வேதம் வாசித்துக்கொண்டிருப்பார். திரும்பிவிடுவேன்.

அப்பா அக்காவின் கைப்பேசியைப் பிடுங்கினார். அவள் ஒரு பையோடு ஜொகூருக்குப் போய்விட்டாள். அந்த அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டிருப்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அடக்கத்தன்று கல்லறையில் கூட்டத்துக்குப் பின்னால் தனியாக நின்றாள். நான் மெதுவாக அவளிடம் போனேன்.

“நீ சொல்லியிருக்க மாட்டே. அப்போ தாத்தாகிட்ட ஆண்டவர் உண்மையிலேயே பேசுனாராடி?”

“ஏன்க்கா?”

“இல்ல, ஆண்டவரே வேணாம்னு சொன்ன பிறகு நான் எப்படி லா கல்யாணம் பண்றது? அந்த ஆளு இன்னும் காத்துக்கிட்டு இருக்காரு. எனக்குத்தான் பயமா இருக்கு.”

அப்பா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆமாக்கா, பேசுனாரு” என்றேன்.

ஆராதனைக்கு வர அப்பா அவளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார். கடைசி வரிசையில் உட்கார வேண்டுமாம். “அந்தச் சாட்சியக் கண்டிப்பா வாசிக்கணும். அவளும் கேக்கட்டும்” என்று என்னிடம் சொல்லிவிட்டார். மேசைமேல் இருக்கும் தாளில் அது இரண்டாவது பத்தி.

தாத்தாவிடமிருந்து எனக்கு வந்திருப்பது அவருடைய குரல். ஞாயிறு பள்ளியில் நான் வசனம் சொன்னால் மைக் வேண்டாம் என்பார்கள். அவர்மேல் எனக்குள்ள கோபம் தீரவில்லை. ஆனாலும் அந்தக் குரலை நான் வைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அது கடைசி வரிசைவரை கேட்க வேண்டும்.

அக்கா, தாத்தாவிடம் சொன்னது ஆண்டவர் இல்லை. நான்.