ஒப்பாரிக்கு ஒரு பெரிய பிரேக்

வாய்மொழிப் பாடல்களை அவற்றின் பாடபேதங்களோடு சேகரிக்கும் தொழிலில், ஒலிப்பதிவுக் கருவிக்கு அடுத்தபடியாகப் பேண வேண்டியது காரின் பிரேக் என்பதை எந்தக் கல்லூரியும் சொல்லித் தருவதில்லை.

தாம்பரத்தில் குடியிருந்தபோது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், என்னிடமிருந்த பழைய நாலு கதவுக் காருக்குப் பெரிய பிரேக் பொருத்த முனைந்தேன். வேண்டாம் என்று சொல்லாதவர் எவருமில்லை. சொந்த வண்டியில் ஏதேனும் ஒன்றை மாற்ற எண்ணி, தெருவில் போவோர் அனைவரின் அறிவுரையையும் கேட்டு நொந்தவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்வதற்காக அல்ல. நாம் செய்தது சரி என்று சொல்வதற்காக.

இடமில்லாத பாட்டு

இறப்பு நிகழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது. படப்பைப் பக்கத்து ஊர்களில் எவரும் மீறாத வழக்கம் இது. பாடினால் அந்த வீட்டைத் தேடிச் சாவு வரும் என்பார்கள். இறப்பு நிகழ்ந்த வீட்டிலோ நான் கருவியை எடுத்துக்கொண்டு போய் நிற்க முடியாது. அழுகிறவர்களின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்ட எனக்குக் கை வராது. அந்த வட்டாரத்தில் தாய்வீட்டு ஒப்பாரி என்னும் நெடும்பாட்டை முதலிலிருந்து முடிவுவரை அறிந்தவர் கன்னியம்மா ஒருவரே. பிறரிடம் நான் பதிவு செய்தவை எல்லாம் நடுவில் அறுந்தவை. அவரும், உடன்பாட இரண்டு பெண்கள் இருந்தால்தான் பாடுவார். கேட்பதற்கு என் மனைவி அமிர்தவல்லி எதிரில் உட்கார வேண்டும். ஆண்பிள்ளை மட்டும் கேட்கிற பாட்டல்ல அது.

வீடு ஆகாதென்று ஏரிக்கரைப் பனந்தோப்புக்குப் போனோம். கன்னியம்மா குரலெடுத்துப் பத்து வரி பாடுவதற்குள் சாலையில் போன சைக்கிள்கள் நின்றன. யாரோ ஒருவர் ஓடிப்போய் மாலை வாங்கி வந்தார். முன்பின் அறியாத ஒரு பெரியவர் தோளிலிருந்த துண்டை வாயில் பொத்திக்கொண்டு தேம்பினார். இறந்தவர் யாருமில்லை, இது ஆராய்ச்சி என்று நான் விளக்கியதும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கன்னியம்மாவைப் பார்த்துக் கேட்டார்:

"யாரும் பூடலையா? அப்ப இன்னாத்துக்கும்மா என்னை அழ வெச்ச?"

வைக்கோலில் முகம் புதைத்த கதை

ஓடும் காருக்குள் பாடினால் என்ன என்று கேட்டவர் கன்னியம்மாதான். ஓடுகிற வண்டி எந்த வீட்டு வாசலுக்கும் சொந்தமில்லை. அதில் பாடிய பாட்டைத் தேடிச் சாவு எங்கே வரும் என்பது அவருடைய வாதம். வழக்கத்தை மீறாமல் வழக்கத்தைக் கடக்கும் வழி இதைவிட வேறில்லை. பின்னிருக்கையில் மூன்று பெண்கள். முன்னால் அமிர்தவல்லி திரும்பி அமர்ந்து மைக்கைப் பிடித்துக்கொள்வாள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நான் ஓட்டுவேன். படப்பையிலிருந்து வண்டலூர், வண்டலூரிலிருந்து திரும்பப் படப்பை. உலகம் எங்களைக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் என்று நினைத்திருக்கும்.

பாதிப் பாட்டு பதிவான நாளில் மழை பெய்து முடிச்சூர்ச் சாலையில் தண்ணீர் நின்றது. மெல்ல இறக்கிக் கடந்தேன். கடந்தபின் சற்றுத் தொலைவில் ஒரு வைக்கோல் வண்டி நின்றிருந்தது. பிரேக்கை மிதித்தேன். மிதி கல்லைப் போல நின்றது, கார் நிற்கவில்லை. சக்கரங்களோடு சுழலும் பிரேக் டிரம்முக்குள் நீர் புகுந்திருந்தது. அதை உள்ளிருந்து அழுத்தி நிறுத்த வேண்டிய ஷூ பிடிக்காமல் வழுக்கியது. கார் அந்த வண்டியின் பின்பக்கத்தில் போய் வைக்கோலுக்குள் முன்கண்ணாடி வரை முகத்தைப் புதைத்துக்கொண்டது. எவருக்கும் கீறலில்லை. மாடுகள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கன்னியம்மா இறங்கினார். மற்ற இருவரும் இறங்கினார்கள். கடைசியாக என் மனைவியும் இறங்கினாள். நால்வரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். நான் பின்னால் ஓடியபோது கன்னியம்மா திரும்பாமலே சொன்னார்:

"பாடினா சாவு வரும்னு சொல்வாங்க சார். வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருக்குது. இனிமே உன் வண்டில நான் பாட மாட்டேன்."

கவிழ்ந்த காரின் பாடபேதங்கள்

பாட்டின்மேல் பழி விழுந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. குற்றம் பாட்டினுடையதன்று, நனைந்த டிரம்மினுடையது. டிரம்மை நீக்கி முன்சக்கரங்களுக்குத் திறந்த தட்டாகிய டிஸ்க் பிரேக் போட்டால் அது சுழலும்போதே நீரை உதறிவிடும் என்று கேள்விப்பட்டு, விசாரிக்கக் கிளம்பினேன். தாம்பரத்தில் ஒரு மெக்கானிக், டிஸ்க் போட்ட ஒரு டாக்டரின் கார் பெருங்களத்தூரில் பிரேக் அடித்ததும் குட்டிக்கரணம் போட்டதென்றார். குரோம்பேட்டையில் அது வக்கீலின் காராகிப் பல்லாவரத்தில் கவிழ்ந்தது. கூடுவாஞ்சேரியில் சவுக்குத் தோப்புக்காரர் ஒருவரின் காராகிச் சிங்கப்பெருமாள் கோயிலில் கவிழ்ந்தது.

இது எனக்குப் பழகிய நிலம். ஊரும் பெயரும் தொழிலும் மாறின. மாறாமல் நின்றவை இரண்டு. பிரேக் மாற்றிய மறுநாளே கார் கவிழும். ஓட்டியவர் மனைவிக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. சொன்னவர் எவரும் கண்ணால் கண்டதில்லை. எல்லோருக்கும் மைத்துனர் ஒருவர் சொல்லியிருந்தார். இப்படி ஊருக்கு ஊர் உடை மாற்றிக்கொள்கிற கதைகளை எத்தனையோ கேட்டவன் நான். அதற்குப் பயந்து பிரேக்கைக் கைவிடுவதில்லை என்று அன்றே உறுதி செய்தேன். குரோம்பேட்டை மெக்கானிக்கிடம் மறுபடியும் போய், வக்கீலா டாக்டரா, மனைவி எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், கார் எந்தப் பக்கமாகக் கவிழ்ந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"இவ்ளோ கேட்டுகினு இருந்தீங்கன்னா சார், அந்தக் காரு கவுந்துச்சா இல்லையான்னு எனக்கே டவுட்டா கீது."

சிறியதா, பெரியதா

கூடுவாஞ்சேரி மெக்கானிக் தாஸ் மட்டும் கவிழ்ந்த கதையைச் சொல்லி முடித்த பிறகு, சரி என்ன செய்யலாம் என்று கேட்டார். புதிதாகச் சாலைக்கு வந்திருந்த கார்களில் அடிபட்டவற்றிலிருந்து கழற்றிய டிஸ்க்குகள் புதுப்பேட்டையில் கிடைத்தன. அவற்றுள் இரண்டு அளவுகள் என் வண்டிக்கு ஒத்துவரும். சிறியது இருக்கிற சக்கரத்துக்குள்ளேயே அடங்கும். பெரியதற்குச் சக்கரத்தையும் பெரிதாக்க வேண்டும். மிதியின் பாரத்தைக் குறைக்கப் பூஸ்டர் வைக்க வேண்டும். ஆள் நிறைய ஏறினால் டயர் மட்கார்டில் உரசக்கூடும், அதைத் தட்டி அகலப்படுத்த வேண்டும். இந்த வண்டி போகிற வேகத்துக்குச் சிறியதே தாராளம் என்றார் தாஸ். அமிர்தவல்லியின் அண்ணனும் அதையே சொன்னார். எதிர்வீட்டுக்காரர், கேட்காமலே, அதையே சொன்னார்.

என் கணக்கு வேறு. என் கார் தனியாக ஓடுவதில்லை. ஐந்து பேரோடு, தண்ணீரில் இறங்கி, அதற்கு நடுவில் ஒரு பாட்டோடு ஓடுகிறது. நடுவே வண்டி நிற்காமல் போனால் அந்தப் பாட்டை மறுபடி தொடங்கச் சொல்லி யாரிடமும் கேட்க முடியாது. அதை முழுதாக அறிந்தவர் ஒருவர்; அவர் வயதோ என்னைவிட அதிகம். ஆகவே பெரியதைத்தான் போடுவது என்றேன். நான் வேலை பார்த்த கல்லூரியில், எங்கள் துறையில், இச்செய்தி பரவியது. தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்த சக பேராசிரியர் பேனாவை மூடிவிட்டு என்னைக் கவலையோடு பார்த்தார்.

"நிக்கிறதுக்கு இவ்வளவு ஆசைப்படற மனுஷன், சார், முதல்ல எதுக்குக் கார் வாங்கினீங்க?"

மணல் மூட்டைகளின் பயணம்

பெரிய டிஸ்க்கைப் பொருத்திய தாஸ், கடைவாசலிலேயே ஒருமுறை ஓட்டி நிறுத்திக் காட்டி, போய் வாருங்கள் என்றார். நான் சம்மதிக்கவில்லை. ஒரு பாடத்தை ஒரே ஒருமுறை கேட்டு ஏற்றுக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. பின்னிருக்கையில் மூன்று பெண்களின் பாரத்துக்கு மூன்று மூட்டை ஈரமணல் ஏற்றச் சொன்னேன். தாஸ் என்னைப் பார்த்தார், பிறகு கடையிலிருந்தவர்களைப் பார்த்தார், பிறகு ஏற்றினார். ஏரியோரமாகப் போய் வாளி வாளியாக நீரெடுத்து இரண்டு முன்சக்கரங்களையும் நனைத்தோம். வழியில் போனவர்கள் காரைக் குளிப்பாட்டுவதாக எண்ணிப் பின்சக்கரம் விட்டுப்போயிற்றே என்று நினைவூட்டினார்கள்.

தாஸ் என் பக்கத்தில் அமர்ந்தார். வேகமெடுத்து, சாலையில் தெரிந்த ஒரு மைல்கல்லுக்கு நேரே நிறுத்துவதாகச் சொல்லி மிதித்தேன். கார் அப்படியே மூக்கைத் தாழ்த்தி, கல்லுக்கு ஒரு முழம் முன்னதாகவே நின்றது. அந்தக் கணம் என் வாழ்நாளில் எந்த ஏட்டுச்சுவடியும் தராத நிறைவைத் தந்தது. கார் நின்றதே தவிர மணல் நிற்கவில்லை. ஒரு மூட்டை இருக்கைமேல் ஏறி வந்து தாஸின் பிடரியில் சாய்ந்து, அவர் சட்டைக்குள் ஈரமணலைக் கொட்டியது. அவர் காலரைப் பிடித்து இழுத்து மணலை உதறினார்.

"பிரேக்கு சூப்பரா புடிக்குது சார். இப்ப பின்னாடி உக்கார்றவங்கள யாரு புடிக்கிறதுன்னு பாக்கணும்."

நிறுத்து

பின்னிருக்கைக்கு இடுப்பு வார்கள் தைத்து வாங்கி மாட்டிய பிறகே அமிர்தவல்லி காரில் ஏறினாள். படப்பைக்குப் போனோம். கன்னியம்மாவின் வீட்டு வாசலில் இறங்கி, "அக்கா, நான் உக்காந்து வந்துட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகல. வண்டி நிக்குது" என்றாள். கன்னியம்மா நம்பவில்லை. முன்னிருக்கையைத் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு, என் மனைவியைப் பின்னால் அனுப்பினார். பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடங்கமாட்டேன், அறுந்த பாட்டை முடிச்சுப்போட்டுப் பாடினால் குறையாகிவிடும் என்று சொல்லி முதலிலிருந்து தொடங்கினார். அதைவிட நான் வேண்டுவது வேறென்ன? பாட்டின் நடுவே, மூச்சு வாங்கும் இடங்களில் எல்லாம், என் பக்கம் திரும்பாமலே "நிறுத்து" என்பார். நிறுத்துவேன். "போ" என்பார். போவேன். முடிச்சூர்ச் சாலையில் நின்ற தண்ணீரைக் கடந்ததும் குரலை உச்சத்துக்கு ஏற்றியவர், அந்த உச்சத்திலேயே கையை உயர்த்தினார். கார் அந்தக் கையின் கீழ் நின்றது. மைக்கைப் பிடித்திருந்த அமிர்தவல்லி பின்னாலிருந்து மூச்சு விட்டது பதிவில் இன்றும் கேட்கிறது.

அன்று பாட்டு முடிவுவரை வந்தது. வந்ததோடு, நான் வேறெங்கும் கேட்டறியாத இரண்டு வரிகளும் வந்தன:

*மிதிச்சா நிக்கும் வண்டியேறி உன் வாசலுக்கு நான் வந்தேன்*
*மிதிச்சாலும் நிக்காத வழி போனியே என் தாயே*

பிற்பாடு இவ்வரிகளை இடைச்செருகல் என்று நீக்கச் சொன்ன அறிஞர்கள் உண்டு. நீக்கவில்லை, நீக்கமாட்டேன். அறிந்து பாடியவர் அவர். அவர் வாயிலிருந்து வந்த வரியை எது தூயது, எது கலப்பு என்று பிரிக்கும் அதிகாரம் வண்டி ஓட்டியவனுக்கே இல்லாதபோது, வண்டியில் ஏறாதவர்களுக்கு எப்படி வரும்? அன்று கன்னியம்மா இறங்கி, சேலையை உதறி, முன்சக்கரத்தைக் குனிந்து ஒருமுறை பார்த்தார். இனிப் பாடினால் சாவு வராது என்று நம்புகிறீர்களா என்று கேட்டேன்.

"வராதுன்னு நான் எங்க சொன்னேன்? பாட்டு முடியற வரிக்கும் அத்த நிறுத்தி வெக்கலாம் இல்ல, அது போதும் சார்."

ஒரு பாட்டை முழுமையாகக் கேட்க நல்ல செவியும் நெடும் பொறுமையும் போதும் என்று இன்னும் வாதிடுவோர், தாராளமாகப் பஸ்ஸில் போய்ச் சேகரிக்கலாம்.