நாற்பத்திரண்டு ஜோடி ஷூ, ஒரு குட்டித் தீவு

முதலில் அன்றைக்கு வீடியோ காலில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் எட்டு மெஷின் போட்டு ஷூ தைத்துக்கொடுக்கும் யூசுப் பாய். அவருக்கு வரும் ஈமெயிலுக்கெல்லாம் இங்கிலீஷில் பதில் போடும் மகள் ஆயிஷா. அங்கே தையல் வேலையைப் பார்த்துக்கொள்ளும் என் தங்கை தேவகி. கூப்பிடாமலே போய் ஓரமாக உட்கார்ந்திருந்த நான். லேப்டாப் திரையில், நடுக்கடலில் இருக்கும் ஒரு குட்டித் தீவு தேசத்திலிருந்து ஓர் இன்ஜினியர் அம்மா. அப்புறம் ஒரு தட்டு சமோசா... யாரும் தொடவில்லை.

தொடுகிற நிலைமையில் யாரும் இல்லை. பெரிய ஃபேக்டரிகள் கொடுக்கும் ஜாப் ஒர்க்கை நம்பி நடக்கிற இடம் அது. வேலை கம்மியாகி ரொம்ப நாளாகிறது. இந்த ஆர்டரும் கைவிட்டுப் போனால் மெஷின்களுக்கு உறை போட்டு மூடிவிட்டு, எட்டுப் பெண்களையும் வீட்டுக்கு அனுப்பவேண்டியதுதான் என்று பாய் சொல்லியிருந்தார். அந்த எட்டில் தேவகியும் ஒருத்தி.

ஆர்டர் எவ்வளவு தெரியுமா? நாற்பத்திரண்டு ஜோடி சேஃப்டி ஷூ.

சிரிக்காதீர்கள். நம்ம பக்கத்து ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தில் அந்த தேசத்தின் மொத்த ஜனத்தையும் தொலைத்துவிடலாம். அவ்வளவு சின்னது. விளக்கு எரியவும் படகு ஓடவும் டீசல் கப்பலில் வரவேண்டும். கப்பல் லேட்டானால் ஊரே இருட்டு. ஆனால் வெயிலுக்கும் காற்றுக்கும் அங்கே பஞ்சமில்லை. அதனால் வெயிலில் கரண்ட் எடுத்து, கடல் தண்ணீரில் உப்பை நீக்கி, அந்தத் தண்ணீரை அந்தக் கரண்டாலேயே உடைத்து ஹைட்ரஜன் எடுக்கப் போகிறார்கள். பச்சை ஹைட்ரஜன் என்கிறார்கள். நிறம் பச்சை இல்லை. புகை கிளப்பாமல் எடுப்பதால் அந்தப் பெயர். பகலில் சேர்த்து வைத்தால் ராத்திரி விளக்குக்கும் ஆச்சு, படகுக்கும் ஆச்சு. டீசலுக்குப் போகிற காசு ஊரிலேயே தங்கும்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு ஆயிஷா திரும்பத் திரும்பச் சொல்லி விளங்கவைத்தது இவ்வளவுதான்.

பிளான்ட்டுக்குக் கடன் கிடைத்துவிட்டதாம். மெஷினும் வந்து இறங்கிவிட்டதாம். ஷூ மட்டும் கிடைக்கவில்லையாம்! எந்தக் கம்பெனியைக் கேட்டாலும் 'மினிமம் ஆயிரம் ஜோடி' என்றார்களாம். வேலை செய்யப்போவதோ நாற்பத்திரண்டு பேர். "மிச்சத்தை மீனுக்கா மாட்டிவிட?" என்று இன்ஜினியர் அம்மா எழுதியிருந்ததை ஆயிஷா படித்துக் காட்டினாள்.

யோசித்துப் பார்த்தால், உலகத்தில் எல்லாமே ஆயிரம் ஜோடிக்காரர்களுக்காகத்தானே செய்யப்படுகிறது? ஷூ, கப்பல், இன்ஷூரன்ஸ் எல்லாம்தான். சின்ன தேசம் ஒரு நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் முதலில் தலையில் இடிப்பது இந்த 'மினிமம்'. கடைசியில் அவர்களுக்குக் கைகொடுக்க, மினிமம் என்று சொல்லவே கூச்சப்படும் ஒரு சின்ன யூனிட் வேண்டியிருந்தது.

இங்கேதான் நான் நுழைகிறேன்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். கேஸை மூடிவிட்டு பஸ் ஸ்டாண்ட் வரை போய், திரும்பி வந்து ரெகுலேட்டரைப் பார்க்கிறவள். ஹைட்ரஜன் என்றதும் ஆயிஷாவைப் பிடித்துக்கொண்டேன். "தீப்பிடிக்குமாம்மா?"

"பிடிக்கும் ஆன்ட்டி. பகல்ல எரிஞ்சா கண்ணுக்கே தெரியாதாம்."

கண்ணுக்குத் தெரியாத தீ! அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்குமா? சாம்பிள் ஜோடியைத் தைத்துக்கொண்டிருந்த அன்று யூனிட்டுக்கே போய்விட்டேன்.

"பாய், உள்ள தடியா ஒரு ரப்பர் மெத்தை வெச்சிடுங்க. கரண்ட் வேலை பாக்கறவங்க ரப்பர் மேலதானே நிக்கிறாங்க? ஏதாவது ஸ்பார்க் வந்துட்டா?"

"அவங்க குடுத்த லிஸ்ட்ல அது இல்லியே" என்றாள் தேவகி.

"லிஸ்ட்ல சமோசா கூடத்தான் இல்ல. நாம சாப்பிடல?" என்றார் பாய், அன்றைக்கு வாங்கிவந்த சமோசாவைக் கடித்தபடி. "ரைட்டர் அக்கா சொல்றதுல இன்னா தப்பு? நாள் பூரா நிக்கிற ஜனங்க. மெத்துனு இருக்கட்டும். வெச்சிடு."

மெத்தையோடு சாம்பிள் கூரியரில் போனது. அதைச் சோதித்துக் காட்டத்தான் முதலில் சொன்ன அந்த வீடியோ கால்.

இன்ஜினியர் அம்மா ஷூவை மாட்டிக்கொண்டு ஓர் இரும்புத் தகட்டின் மேல் ஏறி நின்றார். கையிலிருந்த சின்னப் பெட்டியில் விரலை வைத்தார். சிவப்பு விளக்கு.

"அது இன்னா லைட்டும்மா?"

"ஃபெயில் அத்தா."

இன்னொரு தடவை. சிவப்பு. பாய் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தேவகி என்னைப் பார்க்கவே இல்லை. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

அந்த அம்மா தகட்டிலிருந்து இறங்கினார். ஷூவுக்குள் கையை விட்டார். என் மெத்தையை உருவி, கேமரா முன்னால் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டார்.

"இதை யார் வெக்கச் சொன்னதுன்னு கேக்கறாங்க அத்தா."

"நம்ம கம்பெனி கிஃப்ட்டுன்னு சொல்லு" என்றார் பாய், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மெத்தை இல்லாத ஷூவோடு மறுபடி ஏறி நின்றார். பச்சை!

அப்புறம்தான் விளக்கினார். நடக்கும்போதும் துணி உரசும்போதும் உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் சேருமாம். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து இரும்புக் கதவைத் தொட்டால் சில நேரம் சுரீர் என்குமே, அதுதான். நமக்கு அது சுரீர். ஹைட்ரஜனுக்கு அதுவே போதும். அதனால்தான் அந்த ஷூவுக்குக் கரி கலந்த ரப்பர் சோல் கேட்டிருந்தார்கள், சேர்வதை அப்போதைக்கப்போது தரையில் இறக்கிவிட. நான் வைத்த மெத்தை அந்த வழியை அடைத்துவிட்டது. பத்திரத்துக்கு வைத்த பொருள் ஆளையே தீக்குச்சி ஆக்கிவிட்டது.

கால் முடிந்ததும் தேவகி வாயைத் திறந்தாள். "உன் பயத்தை உன் செருப்புல வெச்சுக்கோக்கா. ஊரான் ஷூவுல வெக்காத."

நியாயம்தானே? பயந்த சுபாவக்காரர்கள் எப்போதும் எதையாவது கூட வைப்போம். இன்னொரு பூட்டு. இன்னொரு போர்வை. இன்னொரு மெத்தை. ஒன்றை எடுத்துவிட்டால் பத்திரம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஆர்டர் உறுதியானது. பக்கத்துத் தீவிலும் இதே மாதிரி பிளான்ட் வருகிறதாம். அவர்களும் முப்பது ஜோடிக்கு விலை கேட்டிருக்கிறார்கள். மெஷின்களுக்கு இப்போதைக்கு உறை வேண்டாம். தேவகி திங்கட்கிழமையும் வேலைக்குப் போனாள்.

இன்ஜினியர் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ஒவ்வொரு டப்பாவிலும் எச்சரித்து ஒரு சீட்டு வையுங்கள், எங்கள் ஊரிலும் வீட்டில் இருப்பவர்கள் பழைய கோரைப்பாயை வெட்டி உள்ளே வைத்து அனுப்புவார்கள் என்று. ஆக, என்னை மாதிரி ஆள் அங்கேயும் உண்டு!

"எழுதறதுக்குத்தான் ரைட்டர் இருக்காங்களே" என்றார் பாய். "சும்மா வேணாம்கா, அம்பது ரூபா தர்றேன்."

ஒரு பக்கம் நிறைய எச்சரிக்கை எழுதிக்கொண்டு போனேன். தேவகி ஒரே ஒரு வரியை விட்டுவைத்து மீதியை அடித்துவிட்டாள். 'உள்ளே வேறு எதையும் வைக்காதீர்கள்.' ஆயிஷா அதை இங்கிலீஷில் போட்டாள்.

கடல் தாண்டிப் போன என் முதல் எழுத்து அது. சன்மானம் இன்னும் வரவில்லை... பாக்கி ஐம்பது ரூபாய்.