சும்மா நிற்கும் சர்வருக்கு லைசென்ஸ் வேண்டுமா?

இன்று எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்குக் கிடைத்த மகத்தான வேலை, டேட்டாபேஸுக்கு எத்தனை லைசென்ஸ் வேண்டும் என்று கண்டுபிடிப்பது.

சர்வர் இரண்டு. முதலாவது வேலை செய்யும். இரண்டாவது அதை அப்படியே காப்பி எடுத்துக்கொண்டு நிற்கும்.

லைசென்ஸ் விற்கும் பெண்ணை ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்தில் முதலாளி பாய்.

"ரெண்டாவது சும்மா நின்னா ஃப்ரீ சார். அதுலேர்ந்து ஒரே ஒரு ரிப்போர்ட் எடுத்தாலும் தனி லைசென்ஸ் வாங்கணும்."

"அத யாரும்மா தொடப்போறா?" என்று சிரித்தார் பாய்.

இரண்டாவது சர்வரை யார் எப்போது தொட்டார்கள் என்று காட்டும் லாகைத் திறந்தேன். தினமும் காலை எட்டு மணிக்கு ஒருவர் தொடுகிறார். யூசர் பெயர் கவிதா, டெஸ்பாட்ச் செக்‌ஷன். என் மனைவி.

அவள் இறந்து நாலு மாதம். தினமும் தானாக ஓடும்படி அவள் போட்டுவைத்த ரிப்போர்ட் மட்டும் லீவே எடுக்காமல் ஓடி, அவள் பெயரில் எனக்கு மெயில் அனுப்புகிறது. கம்பெனியில் நேரத்துக்கு வேலைக்கு வருவது அது ஒன்றுதான்.

பாய் ஸ்கிரீனைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"இத நிறுத்திட்டா லைசென்ஸ் வேணாம்ல தம்பி?"

"வேணாம் பாய்."

"பேஜார் இல்லாம முடிஞ்சிடும். ஆனா நீ இன்னா சொல்றியோ அதான்."

நிறுத்தவில்லை. முதல் சர்வரில் ஓடும்படி மாற்றிவிட்டேன். பாய்க்கு லைசென்ஸ் காசு மிச்சம்.

ரிப்போர்ட் கொஞ்சம் கனமானது. அதனால் டெஸ்பாட்ச் பெருமக்களே, நாளையிலிருந்து காலை எட்டு மணிக்கு உங்கள் பில் ஸ்கிரீன் பத்து நிமிடம் ஊர்ந்துதான் போகும். திட்டுகிறவர்கள் இங்கேயே கமெண்டில் திட்டிவிடுங்கள். அந்தப் பத்து நிமிடம் போனை எடுக்க மாட்டேன்.