மழைக்கு அப்புறம் காணாத மான்கள்

ஜானு மாமி மாதிரி பிடிவாதக்காரியை நான் பாத்ததே இல்ல. மயிலாப்பூர்ல தனியா ஒரு ஃப்ளாட்டு. மாமா போய்ச் சேந்துட்டார். பையன் கிரீஷ் கனடாவுல. பண்டிகைன்னா ஃபோன் வரும், சில பண்டிகைக்கு அதுவும் வராது. அடையாறுல எங்க சின்ன காட்டுயிர் ஆபீஸுக்கு நான் மேனேஜர், சீதா. மாமி வேலை கணக்கு. வரவு செலவு இல்லப்பா, எத்தனை மிருகம் உயிரோட பொழைச்சு கீதுன்னு சொல்ற கணக்கு.

கிண்டிப் பக்கம் ஒரு வளாகத்துல வெளிமான் கூட்டம். காதுல நம்பர் டேக் மாட்டியிருந்தோம். வாலன்டியருங்க போயி, பாத்த நம்பரை ஃபோன்ல அனுப்புவாங்க. ஒழுங்கா போனாத்தானே! ஒரு மாசம் வாராவாரம் போவாங்க. அப்பால பரீட்சை, கல்யாணம்னு காணாமப் போயிடுவாங்க.

கமிட்டி ஒண்ணு எங்களைக் கேட்டுச்சு: வருஷத்துக்கு நூத்துல எத்தனை மான் பொழைக்குது? ரொம்பக் கம்மின்னா மொத்தக் கூட்டத்தையும் புடிச்சு வேற காட்டுல விட்டுருவாங்களாம். வெளிமானைப் புடிக்கிறது லேசா? வலையில மாட்டினா பயத்துலயே சிலது செத்துரும்.

வந்த நம்பரை வெச்சு எத்தனை பொழைச்சிருக்கும்னு ஊகிக்க கம்ப்யூட்டர்ல இருந்த கணக்கு மாடல், பாதி கூட பொழைக்கலன்னுச்சு. மாமிக்கு வந்ததே கோவம்!

"இதெல்லாம் ஒரு மாடலா? வாரம் கழிச்சுப் போறதும் நாலு மாசம் கழிச்சுப் போறதும் இதுக்கு ஒண்ணு. கண்ணுல படலேன்னா செத்துடுத்துன்னு அர்த்தமா சீதா? பாக்க ஒருத்தரும் வராம இருந்திருக்கலாமோல்லியோ?"

சொல்லிட்டு தன் ஃபோனை ஒரு தடவை எடுத்துப் பாத்துட்டு வெச்சாங்க.

சாவு தனி, கண்ணுல படாம போறது தனின்னு பிரிச்சு, யாரும் போகாத இடைவெளியையும் கணக்குல எடுத்து மாமி வேற மாடல் போட்டாங்க. முக்காவாசிக்கு மேல பொழைக்குதுன்னு வந்துச்சு. வாலன்டியர் வெங்கடேஷ் ஸ்வீட்டோட ஓடியாந்தான். எல்லாரும் மாமியை பெசன்ட் நகர் பீச்சுக்கு இழுத்துகினு போனாங்க. மாமி அப்படி சிரிச்சு நான் பாத்ததில்ல.

மறுநாளே மாமிக்குப் பாழாப்போன சந்தேகம் வந்துடுச்சு. போன மழையிலேர்ந்து நிறைய நம்பர் வரவே இல்ல. யாரும் போகலன்னு நினைச்சுதான் மாடல் போட்டிருந்தாங்க. வெங்கடேஷைக் கூப்பிட்டுக் கேட்டாங்க.

"போனோமே மாமி! நனைஞ்சுகினு போனோம். அப்பாலயும் போய்க்கினுதான் இருந்தோம். ஒண்ணும் கண்ணுல படல. படாததை எதுக்கு அனுப்பணும்?"

மாமி ஒவ்வொரு வாலன்டியருக்கா ஃபோன் போட்டாங்க. அத்தனை பேரும் அதே பதில். மான் தெரிஞ்சாத்தான் சேதி அனுப்புவாங்க. வெறுங்கையோட திரும்பினா, போன மாதிரியே காட்டிக்க மாட்டாங்க.

"விட்டுத் தள்ளுங்க மாமி. யாரு கேக்கப் போறா?"ன்னேன்.

"நான் கேப்பேனேடி."

ஆளுங்க போயும் மான் காணாத நாளையெல்லாம் சேத்து மாமி மறுபடி போட்டாங்க. தேடியும் கிடைக்கலன்னா செத்துருச்சுன்னுதானே கணக்கு. பழைய மாடல் சொன்ன பாதிக்கும் கம்மிக்குப் பக்கத்துலயே வந்து நின்னுச்சு. அவங்களே கமிட்டிக்கு அனுப்பிட்டாங்க. கூட்டத்தைப் புடிச்சுரலாம்னு கமிட்டி முடிவு பண்ணிடுச்சு. மாமி மானைக் காட்டிக் குடுத்துட்டாங்களாம், ஒரு வாலன்டியரும் அப்புறம் பேசல. எனக்குப் பத்திகினு வந்துச்சு. பாக்கலன்னு ஒரு வரி அனுப்பத் துப்பில்ல, ரோஷம் மட்டும் வந்துடுச்சு! பீச்சுக்கு இழுத்துகினு போனவங்க யாரும் எட்டிப் பாக்கல. மாமி டிபன் டப்பாவைத் திறந்து தனியா சாப்பிட்டாங்க.

மானையெல்லாம் லாரியில ஏத்திகினு போன மறுநாள், "கூட வரியா?"ன்னு கேட்டாங்க. போனோம். வேலியைப் புடிச்சுகினு காலி மைதானத்தையே பாத்துகினு நின்னாங்க. வெயில் மண்டையைப் பொளந்துச்சு.

"இன்னா மாமி தேடறீங்க? எல்லாத்தையும் கொண்டு போயிட்டாங்களே."

"மழைக்கு அப்புறம் காணாம போன நம்பர்ல ஒண்ணு. அவா வலையிலயும் சிக்காம எங்கயாவது இருக்கக் கூடாதா? என் கணக்கு தப்புன்னு வந்து நிக்கட்டுமே. அழுதுண்டே சந்தோஷப்படுவேன்."

ஒண்ணும் வரல. வாங்க போலாம்னு கையைப் புடிச்சேன். மெதுவா விடுவிச்சுகினாங்க.

"நீ போடி. நான் இன்னும் செத்த நேரம் பாத்துண்டிருக்கேன்."