'வந்துச்சு' என்று ஒரு சொல்

கம்பெனி அட்டையில் அஜித்குமார் என்று போட்டிருந்தது. அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தவளுக்குத் தன் பெயர் சுமலதா என்று ஐந்தாறு வருஷமாகத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

ஒரே நாளில் தெரிந்துகொண்டதும் இல்லை. வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில் அவள் வீட்டில் பேச்சு தெலுங்கு. தெலுங்கில் ஒரு பெண் வந்தாலும், ஒரு மாடு வந்தாலும் சொல்லுகிற விதம் ஒன்றுதான்; ஆணுக்கு மட்டும் வேறு. அந்தப் பழக்கத்தில் அம்மா வெங்கடம்மாள் தமிழிலும் பக்கத்து வீட்டு லாவண்யாவை, "காலேஜ்ல இருந்து வந்துச்சு, இப்பத்தான் சாப்பிட்டுச்சு" என்பாள். தன் பிள்ளையைப் பற்றிப் பேசினால் "வந்தான், தின்னான்."

எட்டாம் வகுப்பில் அந்த 'வந்துச்சு' மேல் அவளுக்கு ஆசை வந்தது. அம்மா வாய் தவறியாவது ஒருநாள் தன்னை அப்படிச் சொல்லிவிட மாட்டாளா என்று அடுப்படி வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். அம்மாவின் வாய் தவறவே இல்லை. தானாகப் பேசும்போது தொல்லை இல்லை. 'நான் வந்தேன்' என்றால் ஆண் என்றும் தெரியாது, பெண் என்றும் தெரியாது. அந்த 'நான்' என்ற சொல்லுக்குள் பல வருஷம் ஒளிந்திருந்தாள். இது நோயா, கெட்ட சகவாசமா, கல்யாணம் செய்துவைத்தால் போய்விடுமா என்று தன்னையே குடைந்துகொண்டாள். ஓசூருக்கு வேலைக்கு வந்து, தனி அறை எடுத்து, கதவைத் தாழ் போட்டு, முதல் சுடிதாரை மாட்டிய அன்றுதான் குடைச்சல் நின்றது. கண்ணாடியைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "சுமலதா வந்துச்சு."

அந்தச் சொல்லைத்தான் விமல்ராஜ் எச்சில் பண்ணினான்.

விமல்ராஜ் பர்கூர்க்காரன், அவள் வேலை பார்த்த லைனின் லீடர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அவளைச் சுடிதாரில் பார்த்துவிட்டான். மறுநாள் காலை மீட்டிங்கில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தான்.

"ஆம்பளைங்க இந்தப் பக்கம். பொம்பளைங்க அந்தப் பக்கம்." அவளைப் பார்த்துக் கொஞ்சம் நிறுத்தினான். "அது மட்டும் ரெட் பின் பக்கம்."

ரெட் பின் என்பது கழித்துப் போட்ட பீஸ்களைப் போடும் சிவப்புப் பெட்டி. லைனே சிரித்தது. பக்கத்தில் நின்ற காவியா குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டாள். அவளும் சிரித்ததாகத்தான் சுமலதாவுக்குத் தோன்றியது. அன்று முதல் "அது டீ குடிச்சுச்சா?", "அது பாத்ரூம் போச்சா, எந்த பாத்ரூம் போச்சு?" என்று நாள் முழுக்க நடந்தது.

பைக் கண்ணாடியைத் தாங்கும் இரும்புத் தாங்கிகளைச் சோதிப்பது சுமலதாவின் வேலை. துளையில் கேஜ் என்கிற அளவுக் கம்பியை விட்டுப் பார்ப்பாள். சேராததை ரெட் பின்னில் போடுவாள். ஷிப்ட் முடிகிற நேரத்தில் எண்ணிக்கை குறைந்தால் விமல்ராஜ் அந்தப் பெட்டியைத் திறந்து, கழித்த பீஸ்களை நல்ல ட்ரேயில் கலந்துவிடுவான். எல்லோருக்கும் தெரியும், யாரும் பார்த்ததில்லை.

மறுநாளில் இருந்து அவள் கழிக்கிற ஒவ்வொரு பீஸுக்கும் துளையின் உட்புறத்தில் சிவப்பு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தாள். வெளியே துடைத்தாலும் உள்ளே இருக்கிற புள்ளி அழியாது. புள்ளி வைக்கும்போதெல்லாம் 'போய்ட்டு வா' என்று மனசுக்குள் சொல்லி அனுப்பினாள். பதினோரு நாள் வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள், பீஸ்களை வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. காலை மீட்டிங்குக்கு மேனேஜர் நவீன்குமாரே வந்தார். சித்தூர்ப் பக்கத்து ஆள், ஓசூருக்கு வந்து இரண்டு மாசம்தான் ஆகிறது. ஒரு பீஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"உள்ளே இந்த ரெட் டாட் யார் வெச்சது?"

"நான்தான் சார். நான் ரிஜெக்ட் பண்ணின பீஸ்."

"ரிஜெக்ட் பண்ணினது எப்படி வெளியே போச்சு?"

இந்தக் கேள்விக்காகத்தான் பதினோரு நாள் காத்திருந்தாள். விமல்ராஜை நேராகப் பார்த்தபடி சொன்னாள்.

"ஷிப்ட் முடியறப்போ அது வந்துச்சு சார். ரெட் பின்னைத் திறந்துச்சு. கைய விட்டுச்சு. எடுத்து நல்ல ட்ரேயில வெச்சுச்சு. ஒண்ணும் தெரியாத மாதிரி போய் டீ குடிச்சுச்சு."

லைனில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மேனேஜருக்கு மட்டும் அவர் வீட்டுத் தெலுங்கு குறுக்கே வந்தது.

"யார்ப்பா அந்தப் பொண்ணு?" என்று பெண்கள் வரிசையைப் பார்த்தார்.

"பொண்ணு இல்ல சார். நம்ம லைன் லீடர், விமல்ராஜு" என்றாள் சுமலதா.

கூரைத் தகடு அதிரச் சிரித்தார்கள். காவியாதான் எல்லோருக்கும் முன்னால் சிரித்தாள். விமல்ராஜின் காது இரண்டும் சிவந்துபோயின. அதைப் பார்க்க சுமலதாவுக்கு இனித்தது. ஆனால் சிரிக்க வரவில்லை. அவனைப் பெண் என்றதற்காகச் சிரிக்கிறார்கள். நாளைக்குத் தன்னைப் பெண் என்று சொன்னாலும் இதே சிரிப்புத்தானே? தவிர, தான் இத்தனை வருஷம் ஏங்கிய சொல் முதன்முதலில் போய் ஒட்டினது இவன் மேலா? அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"முன்னாடியே ஏன் சொல்லலை?" என்றார் மேனேஜர்.

"சொல்லியிருந்தா 'அது சொல்லுச்சு'ன்னு விட்டிருப்பாங்க சார். பீஸே வந்து சொல்லட்டும்னு இருந்தேன்."

மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. தெரிந்தே விட்டதற்காக அவளுக்கும் ஒரு மெமோ கொடுத்தார். கையெழுத்துப் போடும் இடத்தில் அவள் சுமலதா என்று எழுதினாள். வாங்கிய கிளார்க் சுசித்ரா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அப்புறம் அட்டைப் பெயரை மேலே தானே சின்னதாக எழுதிக் கோப்பில் வைத்துவிட்டாள்.

விமல்ராஜை லீடர் வேலையிலிருந்து எடுத்து, லாரிக்குப் பெட்டி ஏற்றும் லோடிங் பக்கம் போட்டார்கள். சாயங்காலம் தன் பொருள்களை எடுக்க வந்தவன் ரெட் பின் அருகே அவளை மறித்தான். கண்ணில் தண்ணீர் நின்றது.

"என் பொழப்பையே கெடுத்துட்டியே. நான் உனக்கு என்னடி பண்ணேன்?"

சுமலதா கையிலிருந்த கேஜைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு."

"என்னத்த?"

"இப்ப சொன்னியே, அத."

தான் சொன்ன 'டி' அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. அவன் எத்தனையோ விதமாக அவளைக் கூப்பிட்டிருக்கிறான். நினைத்துப் பேசாதபோது மட்டும் சரியாகக் கூப்பிட்டிருக்கிறான். அந்த ஓர் எழுத்துக்காக அவனை மன்னித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். மனசு வரவில்லை. எழுத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"லோடிங் அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினாள்.