எண்ண முடியாமல் போன மூச்சு

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், கேமரன் மலையில் நான் வேலை பார்க்கும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் நடந்தது இது. தாய்மார்கள் வேலைக்குப் போனதும் பதினொரு பிள்ளைகளை நானும் இன்னொரு பெண்ணும் பார்த்துக்கொள்வோம். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எதற்கெடுத்தாலும் பயம். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடி வருகிற ஆள்.

அந்த வருடம் கோலாலம்பூரிலிருந்து ஒரு குழந்தை மருத்துவர் வந்தார். தமிழ்ப் பெண், என்னைவிட இளையவர். சின்னப் பிள்ளைகளுக்கு வரும் இருமலும் சளியும் எப்போது சும்மா வந்து போகிறது, எப்போது நெஞ்சுக்குள் இறங்குகிறது என்று பல வருடங்களாக ஆராய்கிறவராம். பெற்றோரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இருமுகிற பிள்ளையின் மூச்சைத் தினமும் ஒரு முழு நிமிடம் எண்ணி, அவர் கொடுத்த பாரத்தில், கட்டம் போட்ட அந்தப் படிவத்தில், நாங்கள் எழுத வேண்டும். நாற்பதைத் தாண்டினால் உடனே போன் செய்ய வேண்டும்.

"எனக்கு எழுத்தே ஒழுங்கா வராது டாக்டர்."

"நம்பர் மட்டும் போட்டா போதும்லா அக்கா" என்று சிரித்தார்.

முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் போயின. பிறகு ஒன்றரை வயதுப் பாப்பா ஒன்றுக்கு இருமல் வந்தது. அதன் அம்மா கியா பார்ம் சந்தையில் காய்கறி பிரிக்கும் வேலைக்குப் போகிறவள். திங்கட்கிழமை எண்ணினேன், முப்பத்திரண்டு. செவ்வாயன்று முப்பதைத் தாண்டியதும், இது முப்பத்தொன்றா முப்பத்திரண்டா என்று தடுமாறியது. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் அதே இடத்தில் தவறியது. மூன்றாவது தடவை எனக்கே வியர்த்துவிட்டது.

"பிள்ளைய விட ஒனக்குத்தான்க்கா மூச்சு வாங்குது!" என்று கூட இருந்தவள் கேலி செய்தாள்.

கட்டத்தைக் காலியாக விடப் பயம். எண்ணக்கூடத் தெரியாதவள் என்று டாக்டர் நினைத்துவிடுவாரே! முந்தின நாள் எழுதிய முப்பத்திரண்டையே எழுதினேன். புதனன்றும் அதே கதை, அதே முப்பத்திரண்டு.

வியாழக்கிழமை காலை டாக்டர் தன் வழக்கமான சுற்றுக்கு வந்தார். பாரத்தைப் பார்த்தார். மூன்று நாளும் ஒரே எண். "இந்தப் பாப்பா எங்கக்கா?" என்றார். பாயில் சோர்ந்து கிடந்த பாப்பாவின் பக்கத்தில், தரையில் உட்கார்ந்து, சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் பிள்ளைகள் ஒரே கூச்சல். ஒருத்தி அவர் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறாள். இன்னொருவன் கஞ்சிக் கிண்ணத்தை அவர் காலடியில் கவிழ்த்துவிட்டான். அவர் கண் அந்தச் சின்ன நெஞ்சை விட்டு நகரவே இல்லை. சாமி முன்னால்கூட நான் அப்படி நின்றதில்லை.

"அறுபத்திரண்டு" என்றார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே தோல் உள்ளே இழுத்துக்கொள்வதை அப்போதுதான் நானும் பார்த்தேன்.

பாரத்தில் அந்த இரண்டு முப்பத்திரண்டையும் தொட்டுக் காட்டினேன். "டாக்டர், எண்ணிப் பாத்தேன், தடுமாறிடுச்சு... சும்மா எழுதிட்டேன்."

"அத அப்புறம் பேசலாம். அம்மாவுக்கு போன் போடுங்க."

அவர் காரிலேயே டவுன் மருத்துவமனைக்குப் போனோம். முன்னால் காய்கறி லோரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. பாப்பாவை நிமிர்த்தி மடியில் வைத்திருந்த எனக்கு, அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற ஒரு நினைப்புதான். போனதும் ஆக்சிஜன் வைத்தார்கள். நனைந்த மழைக்கோட்டோடு மோட்டாரில் வந்து இறங்கிய அம்மாவிடமும் உண்மையைச் சொல்லி அழுதேன். "நான்தானக்கா காலையில தூக்கிட்டு வந்து விட்டேன். எனக்கே தெரியலியே" என்று அவளும் அழுதாள்.

மத்தியானத்துக்கு மேல் மூச்சு கொஞ்சம் அடங்கியது. டாக்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். ஏசப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ, எந்த இடத்தில் தவறியது, பாப்பா அப்போது அழுததா, தூங்கியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"அவ்வளவு வேகமா ஓடுற மூச்ச எண்ணினா யாருக்கும் தடுமாறும்க்கா. எண்ண முடியாமப் போச்சு பாருங்க, அதுதான் எனக்கு வேண்டிய சேதி. அத மறைச்சீங்களே, அது தப்பு." நோட்டுக்குள் இருந்த பாரத்தை எடுத்து, "எம்மேலயும் தப்பு இருக்கு. அத எழுத பாரத்துல நான் எடமே வைக்கலியே" என்றார்.

என் இரண்டு பொய்க் கணக்குகளையும் அழிக்காமல், படிக்கத் தெரிகிற மாதிரி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'எண்ணப்படவில்லை' என்று எழுதினார். பாப்பா ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டது. அடுத்த மாதம் புதிய பாரம் வந்தது. அதில் ஒரு புதுக் கட்டம்: 'எண்ண முடியவில்லை, உடனே அழைக்கவும்.' கோலா தெர்லா பக்கத்துக் காப்பகங்களுக்கும் அதே பாரம்தான் போனது. ஆறாம் வகுப்புக்காரி ஒருத்தியின் தடுமாற்றத்துக்கு அவ்வளவு பெரிய படிப்பு இடம் ஒதுக்கியதை நான் விரலால் தடவித் தடவிப் பார்த்தேன்.

பாப்பாவைப் பார்த்த மாத்திரத்திலேயே மூச்சு வேகமாக ஓடுவது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் அவ்வளவு படித்தவரே ஊகித்துச் சொல்லாமல் ஒன்றிலிருந்து தொடங்கி ஒரு முழு நிமிடம் எண்ணினார் என்பதை நினைக்கும்போதெல்லாம், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு இருந்த வெட்கம் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது.